ஒலுவில் கடலா, இறக்காமக் குவாரியா

1
இந்தக் கதையை எனக்குத் தந்தது ஓர் எலி. அதை இன்னும் பிடிக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அன்று கடல் அமைதியாக... வேண்டாம். கடலைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

2
ஹப்ஸாவின் வேலையிலிருந்து தொடங்குகிறேன். எந்த நாடும் ஒளித்து அணுகுண்டு வெடித்துப் பார்க்கக் கூடாதென்று உலகமெங்கும் நிலத்தில் கருவிகள் வைத்திருக்கிறார்கள். அதிர்வு வந்தால் அது வெடியா, நிலநடுக்கமா, எங்கே என்று சொல்பவர்களில் அவளும் ஒருத்தி. [கல்முனையில் இதைச் சொன்னால், "அப்ப நம்மட ஊர்ல குண்டு விழுமா?" என்பார்கள்.]

கலியாணத்துக்கு லீவில் வந்தவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூன்று சின்னக் கருவிகளை வைத்தாள். கரையோரமாகக் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும், உள்ளே இறக்காமத்திலும். வெடித்த இடம் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் ஒவ்வொன்றும் சொல்லும், திசையைச் சொல்லாது. கருவியைச் சுற்றி அந்தத் தூரத்துக்கு வட்டம் போட்டால், மூன்றும் சந்திப்பதுதான் இடம்.

இறக்காமத்து வயரை எலி கடித்துவிட்டது.

3
வியாழன் காலை ஒரு வெடி. இரண்டு வட்டங்கள்தான், சந்தித்ததும் இரண்டு இடங்களில். ஒன்று இறக்காமப் பக்கக் கல்குவாரி. மற்றது ஒலுவிலுக்கு நேரே கடல். அவளுடைய புது மாப்பிள்ளை மிஹ்லாரின் தோணி அங்கேதான் நின்றது.

டைனமைற் போட்டு மீன் பிடிப்பதை விட்டால்தான் நிக்காஹ் என்றிருந்தாள். விட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

4
அவன் பாரை மீனோடு வந்தான்.

"வெடிச் சத்தம் கேட்டிச்சா?" என்றாள் ஹப்ஸா.

"ஓம், கேட்டிச்சு. குவாரியாக்கும்."

"உலகத்துல எவன் ஒளிச்சி வெடிச்சாலும் நான் கண்டுபிடிப்பன், தெரியுமா?"

"அது தெரிஞ்சிதானே புள்ள ஒன்ன கலியாணம் முடிச்ச."

(அப்போது அவன் முகம்... இல்லை, முகத்தை எழுதமாட்டேன். மிஹ்லாரை எனக்குப் பிடித்துவிட்டது. என் சாட்சி செல்லாது.)

5
முடிவு அ: குவாரிக்காரர் வந்து ஒப்புக்கொள்கிறார். கூப்பிடாமல் அவர் ஏன் வருகிறார்?

முடிவு ஆ: மிஹ்லார் அழுகிறான். அவன் அழுகிற ஆளில்லை.

அப்போதுதான் ஹப்ஸா அவன் கொண்டுவந்த மீன் கிடந்த சட்டியைப் பார்த்தாள். வெடியில் செத்த மீனின் நடுமுள் நொறுங்கி, உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். வலையில் பட்டதற்கு முள் நேராக இருக்கும். மூன்றாவது கருவி மீன்சட்டிக்குள் கிடந்தது. அவள் கத்தியை எடுத்தாள்.

"தா புள்ள, ஆணம் காய்ச்ச நான் வெட்டித் தாறன்," என்று மிஹ்லார் கையை நீட்டினான்.

அது அன்பா, பயமா? எழுதுகிற எனக்கே தெரியவில்லை. அதனால் கத்தியை உங்களிடம் தருகிறேன். முள் நேராக இருந்தால் எனக்கும் ஒரு பிடி சோறு வையுங்கள். நொறுங்கியிருந்தால் என்னிடம் சொல்லாதீர்கள், அவளிடம் சொல்லுங்கள். வாக்கு அவளுக்குக் கொடுத்தது.