சதீசன் வந்திருக்கிறான்

எட்டாம் நாள் படையலில் சதீசனின் மடிக்கணினியை வைக்க வேண்டாம் என்று கேதீஸ்வரி தலைதலையாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டது? வாவியில் தோணி கவிழ்ந்து செத்த தம்பிக்குப் பிடித்த றால் பொரியல், பிட்டு, இளநீர். நடுவில் அந்தக் கணினி. அவன் வந்து சாப்பிடட்டும் என்று அறையைச் சாத்திவிட்டு எல்லோரும் முன் முற்றத்தில் நின்றார்கள். அவன் வரும் வழி என்று பின்கதவைத் தாழ் போடாமல் விட்டிருந்தார்கள்.

திறந்தபோது பிட்டு அப்படியே இருந்தது. கணினி இல்லை.

"என்ட புள்ள வந்து கொண்டு போயிட்டான்," என்றாள் அம்மா சீதேவிப்பிள்ளை.

"கள்ளன் கொண்டு போயிட்டான்மா!"

"படிச்ச திமிர்," என்றாள் பெரியம்மா. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவளுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

செத்தவன் மேலும் அவளுக்குக் கோபம். கணினிக்குக் கடவுச்சொல் போடடா, படங்களுக்கு ஒரு பிரதி எடுத்து வையடா என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! "எங்கட வீட்டுல ஆரு அக்கா களவெடுக்கப் போறா?" என்று சிரித்தான். அவன் சிரித்தது, பாடியது எல்லாம் அந்தக் கணினிக்குள் மட்டும்தான்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அம்மா தன் போனோடு ஓடிவந்தாள்.

"இஞ்ச பாரு புள்ள, தம்பி வந்திரிக்கான்!"

மெசஞ்சரில் சதீசனின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. 'மனே, சாப்பிட்டியா' என்று அம்மா தன் குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். கீழே பதில்: சாப்பிட்டன் அம்மா.

கேதீஸ்வரி அதை இரண்டு தரம் படித்தாள். எவனோ ஒருவன் தம்பியின் படங்களுக்கு முன்னால் குந்தியிருந்து அம்மாவோடு கதைக்கிறான். தம்பியும் இப்படித்தான் எழுதுவான் என்று ஒரு கணம் தோன்றியதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"நாய். இப்பவே கணக்கைப் பூட்டுறன்."

அம்மா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "பூட்டாத புள்ள. கள்ளனெண்டாலும் இரிக்கட்டும். மனே எண்டா, அம்மா எண்டு சொல்றானே."

கேதீஸ்வரி கையை உதறிக்கொண்டு அறைக்குள் போனாள். சதீசன் வீட்டில் விட்டுப்போன போன் அணைந்து கிடந்தது. சார்ஜ் ஏற்றினாள். அவன் கணக்கைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றினாள், மற்றக் கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் அதை வெளியேற்றினாள். கள்ளன் போய்விட்டான்.

வெளியே அம்மா கூவினாள்: "போகல்ல! இன்னும் இரிக்கான்!"

இப்போது பச்சைப் புள்ளியாக இருப்பது தான்தான் என்பது அவளுக்கு உறைத்தது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. யோசிக்காமல் தொட்டுவிட்டாள். அம்மாவின் குரல், சுவருக்கு அப்பாலிருந்தும் உள்ளங்கையிலிருந்தும்:

"மனே, அக்கா உன்னோட கோவமா இரிக்காள். அவளோட ஒருக்கா கதை."

செய்தியைச் சதீசன் கேட்டுவிட்டதாக அம்மாவின் போன் காட்டியிருக்கும். சுவருக்கு அப்பால் அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.