காட்டிட்டு வரக் கொடுத்த சேலை

"எங்க குடும்பத்துல கள்ளனப் புடிக்கிறதுக்குப் படிக்கிறவன் எண்ட மகன் மட்டுந்தான். நாங்கெல்லாம் படிக்காமலே புடிச்சோம்" என்று ஹட்டனில் சேலைக்கடை வைத்திருக்கும் நஸார், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மகன் அப்ராஸ் கொழும்பில் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி, இரண்டாம் வருடம். 'குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதியே' என்று அவன் எழுதிய கட்டுரைக்கு விரிவுரையாளர் வகுப்பையே கைதட்ட வைத்தாராம்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நஸார் ஜும்மாவுக்குப் போயிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த அப்ராஸ் கல்லாவில் உட்கார்ந்து, பொழுது போகாமல் கெமராப் பதிவை ஓட்டிப் பார்த்தான். காலையில் வந்த ஒரு பெண் மூன்று சேலைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போகிறாள். பில் எதுவும் விழவில்லை. அப்ராஸுக்குப் படித்த பாடமெல்லாம் ஒரேயடியாகத் தலைக்கேறியது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி, 'கள்ளி, கவனம்' என்று எழுதி, கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

தொழுதுவிட்டு வந்த நஸார் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"மகன், இது நம்மட ஜீவராணி! நோர்வூட் தேயிலைத் தோட்டம். வீட்ல காட்டிட்டு வாங்கண்டு நான்தான் குடுத்தனுப்பின. புடிச்சத எடுத்துட்டு மிச்சத்தக் கொண்டு வருவா. வருசா வருசம் நடக்கிறது. நீயும் சின்னதிலிருந்து பாத்துத்தானே ஈக்கிறாய்?"

பார்த்திருக்கிறான். அந்த வழக்கத்தில் வந்த வியாபாரத்தில்தான் அவன் படிப்பே ஓடுகிறது. ஆனால் கெமராவில் வாப்பா உட்காரும் கல்லா தெரியாது, பேச்சும் பதியாது.

உடனே அழித்தான். அதற்குள் படம் நோர்வூட் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஜீவராணி வந்தாள். ஒரு சேலைக்கு ஒரு மணித்தியாலம் பேரம் பேசி, கடைசியில் நஸாரையே தேத்தண்ணி வாங்கிக் கொடுக்க வைக்கிறவள். அன்றைக்கு விலையே கேட்கவில்லை. நேரே கெமராவுக்குக் கீழே போய் நின்று, மூன்று சேலைகளையும் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, மடித்து வைத்தாள்.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்க பெரட்டுல வரிசையா நிக்கிறப்ப, பொம்பளைங்க எல்லாம் என்னையப் பாத்ததும் பைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க தம்பி. இப்ப கெமராவுல விழுந்த இதையும் போடுங்க."

"அக்கா, நான்..." என்று அப்ராஸ் எழுந்தான்.

நஸார் அந்த மூன்றில் அரக்கு நிறச் சேலையை எடுத்து அவள் கையில் வைத்தார். "காசு வேணாம் ஜீவராணி. எண்ட மகன் செஞ்சதுக்கு..."

"சும்மா வாங்கிட்டுப் போனா அந்தப் படம் நெசமாயிடும் மொதலாளி."

சேலையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சேலை விரித்துக் காட்டிய படத்தையும் அப்ராஸ் குழுவில் போட்டான். 'இவர் கள்ளி இல்லை. விசாரிக்காமல் பழி போட்டவன் நஸார் மகன் அப்ராஸ்' என்று கீழே எழுதினான். முந்தினதை ஊரே பகிர்ந்தது. இதற்குப் பொழுது சாய்வதற்குள் இரண்டு கட்டைவிரல் விழுந்தது. ஒன்று வாப்பாவுடையது. மற்றது பக்கத்துக் கடைக்காரர் கைதவறி அமுக்கியது.

திங்கட்கிழமை விடியும்போதே அவன் காலில் சப்பாத்தைப் போட்டான்.

"கொழும்பு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் ஈக்கிதே?"

"நோர்வூட்டுக்கு வாப்பா. பெரட்டுல எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்க."

நஸார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவின் தாழ்ப்பாளை அவரே நீக்கிவிட்டார்.

"அங்க பேரம் பேசாத மகன். அவங்க என்ன தந்தாலும் வாங்கிட்டு வா."