மீட்டுவதற்கு முன்னால் வந்த சுரம்

1.

கிட்டார் கம்பி ஒன்று, நான் தொடுவதற்கு முன்பே பாடியிருக்கிறது. என் கை ஒரு சாண் மேலே நின்றது. நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள்.

(எண்பது பேர். நாற்காலி போட்டது நான். – மைத்துனர்)

அடைப்புக்குறிக்குள் மூக்கை நுழைத்தவர் என் மனைவியின் தம்பி. அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். இதைப் படித்துப் பார்க்கக் கொடுத்தது என் முதல் தப்பு. சிவப்புப் பேனாவையும் சேர்த்துக் கொடுத்தது இரண்டாவது.

கதை பிறந்தது நேற்றுச் சாப்பாட்டு மேசையில். மேலே உள்ள மூன்று வரியை நான் ஐந்தாவது முறையாகச் சொன்னேன். அவருக்குப் புரையேறியது.

"கை பட்டிருக்கும் அத்தான். எதுக்கும் எழுதித் தாங்க. எழுத்துல வந்தா பொய் தானா வெளிய தெரிஞ்சிடும்."

"'நான்'னு எழுதாதீங்க," என்றாள் மனைவி. "நான்னு ஆரம்பிச்சா உங்களுக்கு நிறுத்தத் தெரியாது."

ஆகவே இனி வருபவர் ஒரு மெக்கானிக். நானில்லை.

2.

"மழை தூறிக்கொண்டிருந்த அந்த மாலையில் மெக்கானிக்" – வேண்டாம். மழை இல்லை, கொளுத்தும் வெயில்.

"இசை என்பது மனித மனத்தின்" – ஐயையோ.

நேராகவே வருகிறேன். மெக்கானிக் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வுபெற்ற கையோடு கிட்டார் சிந்தசைசர் வாங்கினார். கிட்டார்தான், ஆனால் கம்பிகளுக்கு அடியில் ஒரு பட்டை, அதிலிருந்து ஒரு தடித்த வயர், தரையில் ஒரு பெட்டி. கம்பியை மீட்டினால் அது என்ன சுரம் என்று பெட்டி கண்டுபிடித்து, வயலினாகவோ புல்லாங்குழலாகவோ ஒலிக்கும். கேட்க நன்றாக இருக்கிறதா? கடைக்காரர் சொன்னபோது அவருக்கும் நன்றாகத்தான் இருந்தது.

3.

விரல் லேசாக உரசினால் எக்காளம். சட்டைக் கை பட்டால் ஒரு பாடகர் குழு. ஒருநாள் மூக்குக் கண்ணாடி நழுவிக் கம்பிமேல் விழ, அறுபது பேர் கொண்ட வாத்தியக் குழு எழுந்து மரியாதை செய்தது.

(கண்ணாடி விழுந்தது மட்டும் உண்மை. – மை.)

கம்பியை இழுத்து வளைத்தால் பியானோ போதையில் உளறும். எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தடித்த கம்பி. அது மெதுவாக ஆடும். பெட்டி இரண்டு ஆட்டம் பார்த்து, யோசித்து, அப்புறம்தான் வாயைத் திறக்கும். கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் அதற்குள் ஒரு சம்பந்தம் பேசி முடித்துவிடலாம்.

மெக்கானிக் மீட்டினார். சத்தமில்லை. மறுபடி மீட்டினார். இரண்டு சுரமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மூன்றாம் முறை மீட்டினார், மூன்று விழுந்தன.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ்.

"லிஃப்ட் வரலேன்னு பட்டனை நாலு தடவை அமுக்கறவங்களை ஆயுசு பூரா திட்டினீங்களே. இப்ப அமுக்கறது யாருங்க?"

'ஒருமுறை அழுத்தினால் போதும்' என்று தன் கையாலேயே எழுதி நகரெங்கும் ஒட்டியவர் அவர்.

4.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரத்தில் மனைவி ஓய்வுபெறுகிறாள், ஆஸ்பத்திரியில் பிரிவு உபசாரம். அவள் பாடப் போகிறாள், மெக்கானிக் வாசிக்கப் போகிறார். கல்யாணத்துக்கு முன் ஒரு மேடையில் வாத்தியக்காரர் தடுமாற, அவள் பாதியில் நிற்க, கூட்டம் சிரித்திருக்கிறது. அதன்பின் நோயாளிக்கு ஊசி போடும்போது பாட்டை முனகுவதோடு சரி.

"வாத்தியம் பிசகினா நான் நின்னுடுவேங்க," என்றாள். "நின்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் வாயத் திறக்க மாட்டேன்."

"பேசாம நான் தாளம் தட்டறேன் அக்கா," என்றார் பிழைதிருத்துநர். "இவரும் பெட்டியும் சமாதானமாக மூணு வாரம் பத்தாது."

மெக்கானிக்குக் கோபம் வந்தது. தடித்த கம்பியை ஓர் இமைப்பொழுது முன்னாலேயே மீட்டிப் பழகினார். பழகிப் பழகி எல்லாமே முந்திக்கொண்டது. வாசல் மணி அடிக்குமுன் "வாங்க" என்றார்.

(பொய். – மை.)

(சரி, பொய்.)

5.

"நடுங்காத கையோடு மெக்கானிக் மேடை" – இந்த ஆள் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. முதல் சுரம் மூன்றாவது கம்பியில். தடித்த கம்பிகூட இல்லை. ஆனாலும் எப்போது மீட்டுவது, முன்னாலா பின்னாலா என்று ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அவளோ அவருக்காகக் காத்திராமல் ஆரம்பித்துவிட்டாள். முதல் சுரத்தை நீட்டிப் பிடித்தாள்.

அவருக்குப் பின்னால் ஆள் உயர ஸ்பீக்கர். அவள் குரல் அதிலிருந்து புறப்பட்டு அவர் முதுகில் மோதி, கிட்டாரையும் உலுக்கியது. அதே சுரத்துக்குச் சுருதி கூட்டியிருந்த மூன்றாவது கம்பி தானே அதிர்ந்தது. மூச்சு பட்டாலே கத்தும் அந்தச் சனியன் பிடித்த பெட்டி அதையும் கேட்டுவிட்டது. அவள் குரலுக்குள்ளிருந்து ஒரு வயலின் எழுந்தது.

அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு கடைசி வரை நிற்காமல் பாடினாள்.

6.

முடிவுகள் கைவசம் நிறைய உண்டு. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதில் கட்டடத்தின் மூன்று லிஃப்டும் தானாக அந்த மாடிக்கு வந்து கதவைத் திறந்ததாக ஒன்று எழுதினேன். பிழைதிருத்துநர் அதைப் படிக்காமலே அடித்துவிட்டார். போகட்டும், நான் முடிக்கப் போவதில்லை. கை பட்டதா, படவில்லையா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுதிய தாள்களை மறுபடி மைத்துனரிடம் நீட்டினேன். கடைசிவரை படித்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போனார். 'நூற்று நாற்பது பேர் பார்த்தார்கள்' என்பதன்மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

"எண்பது பேருன்னு மாத்தவா மச்சான்?"

"எண்பதும் தப்பு. எல்லாரும் அக்காவைத்தான் பாத்துட்டிருந்தாங்க."

"அப்ப யாருமே பாக்கலேங்கறே?"

அவர் பேனாவை மூடினார்.

"நீங்க எப்ப தப்பு பண்ணுவீங்கன்னு நான் உங்க கையையேதான் பாத்துட்டிருந்தேன். படலை அத்தான்."