பேனா தொடாத மேடம்

கல்லூரி நூலகத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சட்டென்று எழுந்தால் தலையில் இடிக்கும் சரிந்த கூரை. கதவில் ஓர் அட்டை: 'இங்கே எழுதித் தரப்படாது. எழுத உதவி உண்டு.' ஆய்வேடு எழுதத் திணறும் மாணவர்களை நாற்பது நாற்பது நிமிடமாக உட்காரவைத்து உதவுவதுதான் அந்த அறையின் மேடத்துக்கு வேலை. பத்து வருடமாகச் செய்கிறார். மாணவர் கொண்டுவரும் தாளில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. கை சும்மா இருக்காது என்று பேனாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் உட்காருவார். தன் கை பட்ட வரி ஒன்றுகூட எந்த ஆய்வேட்டிலும் கிடையாது என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மாணவர்கள் வைத்த பெயர் 'அதாவது மேடம்'. வாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். அது அவர் காதுக்கும் எட்டியது. தெளிவாக விளக்குகிறவள் என்றுதானே சொல்கிறார்கள் என்று பூரித்துப்போனார். அவர் கணவர் பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கும் அந்த மனிதர், வீட்டில் தன் வாயைத் திறந்து ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. மேடம் அதை அவருடைய சாதுவான சுபாவம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவர்தான் ஒரு நர்ஸ் மேல் புகார் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வேலையோடு மூன்று வருடமாக மேற்படிப்பு படித்தவள் அந்த நர்ஸ். வீடு திரும்பிய நோயாளிகள் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது அவள் ஆய்வு. அதற்காகப் படிக்கட்டு அறைக்கு ஆறேழு தடவை வந்திருக்கிறாள். தேர்வாளருக்குப் போகுமுன் ஆய்வேடுகள் ஒருமுறை மேடத்தின் மேசைக்கு வரும். அவளுடையதைப் புரட்டிக்கொண்டே வந்தவருக்குக் கடைசி அத்தியாயத்தில் திக்கென்றது. 'மக்கள் அறிவுரையை மறப்பதில்லை. அந்த அறிவுரைக்கு அவர்களுடைய நாளில் இடம் இருப்பதில்லை.'

கேள்வி கேட்டால் தலையாட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாத பெண் எழுதுகிற வரியா இது? எங்கேயோ படித்த மாதிரி வேறு இருந்தது. பழைய அடுக்கில் தேடினார். நடைப்பயிற்சி பற்றிப் போன வருடம் ஒருவன் கொடுத்த ஆய்வேட்டில் அதே வரி. அடுத்த நாலு வரியும் கிட்டத்தட்ட அப்படியே. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் முகத்திலேயே கரியைப் பூசிவிட்டாளே என்று, அன்றைக்கே துறைத்தலைவரிடம் புகாரை நீட்டினார். காப்பி என்று முடிவானால் பட்டம் கிடையாது. பட்டத்தை நம்பி ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லியிருந்த வார்டு பொறுப்பும் கிடையாது.

விசாரணை துறைத்தலைவர் அறையில் நடந்தது. நர்ஸ் யூனிஃபார்மோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். யாரைப் பார்த்து எழுதினாய் என்று துறைத்தலைவர் இரண்டு தடவை கேட்டார். அவள் மேடத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். கையால் குறிப்பெடுத்தால் பின்தங்கிவிடுகிறேன் என்று முதல் நாளே மேடத்திடம் அனுமதி கேட்டுப் பதிவுசெய்துகொண்டவை அதில் இருந்தன.

ஒரு பதிவு ஓடத் தொடங்கியது. யாரோ ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசினாள். ஐந்து நிமிடம் போயிற்று, ஏழு நிமிடம் போயிற்று. யாரப்பா இந்த அம்மா, எதிரில் இருப்பவளை வாய் திறக்கவே விடமாட்டாள் போலிருக்கிறதே என்று மேடத்துக்கு எரிச்சல்கூட வந்தது. அப்போதுதான் அந்தக் குரல் 'அதாவது' என்றது.

பதிவில் தன் குரலை ஒருநாளும் கேட்டிராத மேடத்துக்கு அது யாரென்று புரிந்தது.

பதிவில் நர்ஸின் குரல் மெல்லக் கேட்டது. "இல்ல மேடம், நான் சொல்ல வந்தது வேற. எங்க வார்டுல ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க மாத்திரையை..."

"அதாவது, மக்கள் அறிவுரையை மறக்கறதில்லம்மா. அந்த அறிவுரைக்கு அவங்க நாள்ல இடம் இருக்கறதில்ல. இதைத்தானே சொல்ல வர்றே?"

பிறகு, "ஆமா மேடம்."

நாற்பது நிமிடத்தில் நர்ஸ் பேசியது மூன்று நிமிடம்கூடத் தேறாது. போன வருடத்துப் பையனும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே 'ஆமா'வைத்தான் சொல்லியிருப்பான். பத்து வருடத்தில் எத்தனை பேர்? பேனாவைப் பூட்டி வைத்தவர் வாயைப் பூட்டவில்லை. மேடத்துக்குக் கணவரின் முகம் ஏனோ கண்முன் வந்தது.

"சார், இவ யாரையும் பார்த்து எழுதல. அது என் வாக்கியம். அந்தப் பையன் எழுதினதும் என்னோடதுதான்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

துறைத்தலைவர் புகார் தள்ளுபடி என்றார். ஆனால் அந்த அத்தியாயம் இப்படியே போக முடியாது, ஒரு வாரத்தில் நர்ஸ் அதைத் தன் சொந்தக் கருத்தோடு எழுதித் தந்தால் பட்டம் உண்டு என்றார்.

இருவரும் படிக்கட்டு அறைக்கு வந்தார்கள். மேடம் மன்னிப்புக் கேட்டார். நர்ஸ் பதறிப்போய், அதெல்லாம் எதுக்கு மேடம் என்றாள். பிறகு மேடம் பத்து வருடத்தில் முதல்முறையாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"அந்த அம்மாவைப் பத்தி என்னம்மா சொல்ல வந்தே?"

நர்ஸ் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். மேலே படிகளில் யாரோ ஏறிப்போகும் சத்தம் கேட்டது, இறங்கிவரும் சத்தமும் கேட்டது.

"என்னமோ முக்கியமா இருந்துச்சு மேடம். நாலு மாசம் ஆயிடுச்சு. இப்போ யோசிச்சா நீங்க சொன்னதுதான் ஞாபகம் வருது."

நர்ஸ் போனை எடுத்து அவர் முன்னால் வைத்துப் பதிவுசெய்யும் பொத்தானை அழுத்தினாள்.

"நான் என்ன நினைச்சிருப்பேன்? நீங்களே சொல்லிடுங்க மேடம்."