கத்தோங்கோவின் தொண்ணூற்றெட்டு கிலோ

கரி மூட்டத்துக்குள் விழுந்து எரிந்துபோன கத்தோங்கோவின் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. உயிரோடு இருந்தபோது அறுபத்தொன்று. செரென்ஜே நகரத்துக்கு வடக்கே கரி சுட்டுப் பிழைக்கும் எங்கள் ஊரே கூடி நின்று நிறுத்தது, அதனால் இதில் சந்தேகம் எதுவும் இல்லை. விறகை அடுக்கி மண் போர்த்திய மூட்டம் பத்து நாள் உள்ளுக்குள் கனலும். அதன் முதுகில் ஏறி நடக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் நடப்போம். ஒரு நாள் விடிவதற்குமுன் யார் கண்ணிலும் படாமல் ஏறிய கத்தோங்கோவைப் பிறகு காணவில்லை. தாமிரச் சுரங்கப் பக்கம் எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. அவன் மனைவி சிலேஷே மூட்டத்தைத் தனியாகக் காவல் காத்தாள். மூட்டத்தைப் பிரித்தபோது அவனுடைய பெல்ட் கொக்கி மட்டும் கிடைத்தது. மரத்தின் புகையெல்லாம் வழக்கம்போலக் கலைந்துபோயிருக்க, ஒரு புகை மட்டும் அவன் வீட்டுக் கூரைமேல் வந்து, உட்கார்ந்த ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டு மழைக்காலம் அதன்மேல் பெய்து ஓய்ந்தது.

உடல் இல்லாமல் அடக்கம் இல்லை, அடக்கம் ஆகாமல் துக்க வீடு கலையாது. சொந்தக்காரர்கள் இரண்டு வருடமும் முற்றத்தில் படுத்து, சோளக் களியும் காய்ந்த மீனும் தின்று, ஒரு சுற்றுப் பெருத்தார்கள். விதவை வழக்கப்படி சிலேஷே தரையைவிட்டு எழவில்லை. அழச் சொன்னால் அழுதாள், போதும் என்றால் நிறுத்தினாள். ஒரு நாள் கணவனின் அண்ணன் முபாங்காவைக் கூப்பிட்டு, "அந்தப் புகையையே புதைச்சிடலாம் அத்தான்" என்றாள். "அது முழுசா அவன்தானான்னு யாருக்குத் தெரியும்? பாதித் தம்பியை நான் புதைக்க மாட்டேன்" என்றான் முபாங்கா. அதனால் கிளினிக்கிலிருந்து குழந்தைகளை நிறுக்கும் தராசை வாங்கிவந்து மாமரத்தில் தொங்கவிட்டோம். புகையைக் கரிச் சாக்குகளில் பிடித்தபோது அது முரண்டு பிடிக்கவில்லை. நான்கு சாக்கு, தொண்ணூற்றெட்டு கிலோ.

"உள்ள தனியாப் போகல போலிருக்கே" என்றாள் சித்தி ஒருத்தி. "முப்பத்தேழு கிலோவுல எவடி அந்த ஒல்லிக்குச்சி?" சிலர் சிரித்தார்கள். ஊரில் தலை எண்ணிப் பார்த்தோம், யாரும் குறையவில்லை. இருந்தாலும் ஊர்பேர் தெரியாத உயிரைத் தம்பியோடு புதைக்க முடியாது என்று முபாங்கா சொல்லிவிட்டான். பள்ளிக்கூட வாத்தியார் கலுபா நடுவில் வந்து, "எரியறது காத்தையும் சேத்துத் தின்னும்யா. தின்னது எங்கயும் போகாது, புகையோடதான் நிக்கும். அந்த முப்பத்தேழு வெறும் காத்து" என்றார். முபாங்கா முப்பது வருடம் கரி சுட்டவன். "மூடின மூட்டத்துக்குள்ள அவ்வளவு காத்து எந்த வழியாப் போச்சு வாத்தியாரே?" என்று கேட்டான். சாக்குகளை அவிழ்த்துப் புகையைக் கூரைக்கே அனுப்பிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் கயிற்றில் கை வைத்தார்கள்.

"ஓட்டை இருந்துச்சு அத்தான்" என்றாள் சிலேஷே. "அன்னிக்கு விடிஞ்சதும் பாத்தேன், முதுகுல ஒரு ஆள் போற அளவுக்கு. காத்து புகுந்தா கரி சாம்பலாயிடுமேன்னு பயம். உள்ள எட்டிக்கூடப் பாக்கல. நான்தான் மண்ணை அள்ளிப் போட்டு மூடினேன்."

கொக்கி கிடைத்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லும்போது அவள் குரல் பக்கத்து வீட்டில் உப்பு கேட்பவள் குரல்போல இருந்தது, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. முபாங்கா தராசை மரத்திலிருந்து கழற்றினான். பிறகு, "ஓட்டையைப் பாத்தா நானும் மண்ணைத்தான் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் குழி வெட்ட மண்வெட்டியை எடுத்தான்.

சாக்குகளைப் பெட்டியில் அடுக்கி மறுநாள் புதைத்தோம். ஆறு பேர் தூக்கும் பெட்டிக்கு எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். புகை ஒரு இழைகூட வெளியே வரவில்லை, சொந்தக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த மழை விட்டதும் சிலேஷே கரி சுடக் காட்டுக்குத் திரும்பினாள். மூட்டத்தில் ஓட்டை விழுந்தால் இப்போதும் அவள் எட்டிப் பார்ப்பதில்லை. மண்ணை அள்ளிப் போடுகிறாள். நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.