ஆற்றைத் தாண்டி வந்த ஆட்டக்காரர்

அன்று காலை மாலக்கி அவித்த முட்டையின் மேல்பகுதியைக் கரண்டியால் சீவி என் தட்டில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, "மாட்டை வெளிய விட்டுட்டு வர்றேன்," என்று போனார். வேலிக் கதவு வரைதான் போனார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது மூச்சு இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவர் ஆடிய பந்தாட்டத்தைத்தான் பேசினார்கள். ஓர் ஆட்டத்தை மட்டும், எனக்கு மரியாதை கொடுத்து, யாரும் எடுக்கவில்லை. எனக்கோ அதைத்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

எங்கள் பக்கம், ஒருவன் எந்தத் தேவாலயத்தின் பங்கில் குடியிருக்கிறானோ அந்தப் பங்குக்குத்தான் ஆட வேண்டும். மாலக்கி, பாரோ என்கிற ஆற்றுக்கு அந்தப் பக்கம், கில்டாரன் பங்கில் பிறந்தவர். உயர வரும் பந்தை எகிறிக் கையில் பிடிப்பதில் அவருக்கு இணையாக மாவட்டத்தில் ஆள் இல்லை. அவர் பிடித்து உதைப்பார். தம்பி லார்கன் வாங்கிக் கோல் போடுவான். 1911-இல் என்னைக் கட்டிக்கொண்டு, ஆண்பிள்ளை இல்லாத எங்கள் பண்ணைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். அதோடு எங்கள் ராஹீனின் ஆட்டக்காரர் ஆகிவிட்டார்.

ராஹீனுக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. என் அப்பா பார்ட்லிக்கே வரவில்லை. "ஆளு இங்க, மனசு அங்க," என்பார். அணித்தலைவரான கொல்லர் டினி கீனன், "ஒரு ஆட்டம் ஆட விட்டுப் பாப்போம்," என்றார். அதில் ஒதுக்கிவிட்டால் மாலக்கிக்கு இரண்டு கரையிலும் பந்து கிடையாது. பந்தில்லாமல் எங்கள் வீட்டில் அந்த மனிதர் எப்படி ஒட்டுவார் என்பதுதான் என் பயம்.

அந்த ஆட்டம் கில்டாரனோடு, கில்டாரன் மைதானத்திலேயே வாய்த்தது. மழை. தோல் பந்து ஊறிக் கனத்துக் கிடந்தது.

"என்ன மாலக்கி, மாமனார் வீட்டு உருளைக்கிழங்கு பலமா? தரையை விட்டுக் கால் எழும்ப மாட்டேங்குதே," என்று மைதானத்தைச் சுற்றிய கயிற்றுக்கு வெளியே இருந்து ஒருவன் கத்தினான்.

முதல் பாதி முடியப்போகிற நேரம். மூன்று பேர் தலைக்கு மேல் எகிறி அவர் பந்தைப் பிடித்தார். இடப்பக்கம், கில்டாரனுக்கு ஆடிய லார்கனின் குரல்: "அண்ணா, இங்க." அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிய கால் உதைத்துவிட்டது. லார்கன் நெஞ்சில் வாங்கி எங்கள் கோலுக்குள் அடித்தான். ஒரு கோலுக்கு மூன்று புள்ளி.

கில்டாரன்காரர்கள் சிரித்து ஓய நேரமாயிற்று. "பொறந்த வீட்டுக்குச் சீர் அனுப்புறான் பாரு," என்றார் எங்கள் ஊர்க்காரர் ஒருவர். அப்பா தொப்பியைக் கழற்றிச் சேற்றில் எறிந்தார்.

இடைவேளையில் மாலக்கி தனியே உட்கார்ந்திருந்தார். யாரும் தண்ணீர்கூட நீட்டவில்லை. நான் கயிற்றைத் தாண்டிப் போனேன். பெண்கள் அப்படிப் போகிற வழக்கமில்லை.

"வேணும்னு பண்ணல," என்றார்.

"தெரியும். பாவாடையெல்லாம் சேறு. எழுந்திருங்க, எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

இரண்டாம் பாதியில் லார்கன் மறுபடி அதே குரல் கொடுத்தான், இந்த முறை குறும்புக்கு. மாலக்கி அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பந்தைக் கில்டாரன் கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பி ஒரு புள்ளி எடுத்தார். அதன் பிறகும் சில புள்ளிகள் எடுத்தார். போதவில்லை. ஒரே புள்ளியில் தோற்றோம்.

பாலத்தருகே என் மாமியார் அவர் கையைப் பிடித்தார். "உள்ள வாடா, சூடா ஏதாவது சாப்ட்டுப் போ."

"இன்னொரு நாள் வர்றேம்மா. மாடு கறக்கணும்," என்று சொல்லிவிட்டு என்னோடு நடந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் முன்னால் போய்விட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டினி வந்தார். கழுவாத கைகளோடு அடுப்படியில் நின்றார். ராஹீன் சட்டையைத் திருப்பி வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் அதை மடித்து எடுத்து நீட்டினேன்.

"எனக்கு எதுக்கும்மா? என் தொப்பைக்கு இது பத்தாது," என்றார். பிறகு மாலக்கியிடம், "வியாழக்கிழமை பயிற்சி. காதுல பஞ்சு வச்சுக்கிட்டு வா."

முதலில் சிரித்தது அப்பா. நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன். டினிக்காக இன்றும் ஜெபம் சொல்கிறேன்.

முழங்கால் விட்டுப்போகும் வரை மாலக்கி ராஹீனுக்கு ஆடினார். அவர் பந்தைப் பிடித்தால் போதும், "மாலக்கி, தம்பி கூப்பிடுறான்" என்று எங்கள் ஆட்களே கத்துவார்கள். அதில் கோபம் இருக்காது.

அடக்கத்தன்று லார்கன் என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். "அதுக்கப்புறம் நாங்க மூணு தடவை கோப்பை வாங்கினோம், அண்ணி. அங்கயே இருந்திருந்தா அண்ணனுக்கும் மெடல் கிடைச்சிருக்கும்."

"தெரியும், லார்கன்."

"ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொன்னதில்ல."

"என்கிட்டயும் சொன்னதில்ல."

அவனும் டினியின் மகன்களும் சேர்ந்து பெட்டியைத் தூக்கினார்கள். ராஹீன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம்.

ராஹீன் இன்னும் கோப்பை வாங்கவில்லை.