ஆயிரம் என்ற எண்ணுக்கு இரண்டு பேர்

இரண்டு மருத்துவமனைகள் ஒன்றானபோது, அவற்றின் கணினிகளைத் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் பார்க்கிற முகத்தையே இங்கேயும் பார்க்க வேண்டுமா என்று செவிலியர்கள் கேலி செய்தார்கள். அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

இரு சர்வர்களிலும் உள்ள பயனர் கணக்குகளை ஒன்றாக்கும்படி மேலாளர் சொல்லியிருந்தார். அவள் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்று, அதாவது கணினி வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளின் தொகுப்பு, எழுதினாள். லாகின் பெயர், பயனர் எண், முழுப்பெயர் மூன்றையும் இரண்டு பக்கமிருந்தும் உருவி, எண் வரிசையில் அடுக்கி, ஒரே கோப்பாகக் கோத்தது அது. ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் தனியே பிரித்துக் காட்டியது.

பிரிந்து வந்த முதல் ஜோடி அவர்களேதான். அதில் அதிசயமில்லை. சர்வரில் முதலில் உருவாகும் பயனருக்கு ஆயிரம் என்ற எண் விழும். அவரவர் சர்வரில் அவரவர்தான் முதல் ஆள். கணினி கோப்புக்குச் சொந்தக்காரரை எண்ணை வைத்துத்தான் அடையாளம் காணும். ஒத்திகைக்காகத் தன் கோப்புகளை எண் மாறாமல் அவன் சர்வரில் நகலெடுத்தாள். எல்லாவற்றிலும் அவன் பெயர் நின்றது.

"கல்யாணம் ஆயிட்டா என் சொத்தெல்லாம் உங்க பேருக்கு மாறிடணும்னு சட்டமாங்க?" என்றாள்.

இருவரில் ஒருவர் புது எண்ணுக்கு மாறியாக வேண்டும். அவன் சிரித்தான்; தன் எண்ணை மட்டும் விடவில்லை. தன் சர்வர்தான் மூத்தது என்றான். தன்னுடையதுதான் ஒரு நாளும் படுத்ததில்லை என்றாள் அவள். வழக்கு வீடுவரை வந்து, பாத்திரம் கழுவும்போதும் நடந்தது.

மற்ற ஊழியர்களுக்கு அவர்கள் வைத்திருந்த விதி எளியது: யாருக்குக் கோப்புகள் குறைவோ, அவருக்குப் புது எண்; மாற்றும் வேலை மிச்சம். மறுநாள் அதையே தங்களுக்கும் பொருத்தினாள். அவளுக்குத்தான் குறைவு. வேண்டாத கோப்புகளை அவ்வப்போது அழித்துவிடுபவள். அவனோ பழைய நகல்களின் நகல்களைக்கூட விட்டுவைத்திருந்தான். அவள் தன் எண்ணை மாற்றும் கட்டளையைத் தட்டத் தொடங்கினாள்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதுல ஜெயிச்சது என் குப்பைம்மா. நீ சுத்தமா வெச்சதுக்கு நீ எதுக்கு மாறணும்? நான் மாத்திக்கிறேன்."

அன்று முழுக்க இருவரும் சேர்ந்து அவன் நகல்களைக் களைந்தார்கள். பிறகு அவன் தன் கணக்குக்குப் புது எண் கொடுத்து, மிஞ்சிய கோப்புகளையும் அதன் பேருக்கு மாற்றினான். ஸ்கிரிப்டை மீண்டும் ஓட்டினாள். முதல் ஜோடி காணாமல்போய், அடுத்ததாக மருந்தாளுநரும் சமையல்காரரும் வந்து நின்றார்கள்.

"இவங்க ரெண்டு பேர்கிட்டயும் நீங்களே பேசுங்க," என்று நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.